உக்கடத்துப் பிள்ளையின் தட்டில் என்னென்ன இருக்கிறது தெரியுமா?

கோவை உக்கடத்தில் டவுன் பஸ் ஏறினால் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் எங்கெல்லாம் இறங்கலாம் தெரியுமா? லாலி ரோட்டில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். அதைத் தாண்டிப் போனால் 1912-லேயே தொடங்கிய கரும்பு இனப்பெருக்கு நிலையம். பாரதி பார்க் ரோடு பக்கம் திரும்பினால் அவினாசிலிங்கம் மகளிர் பல்கலைக்கழகம். எந்த விதையை விதைப்பது, அதில் எந்தச் சத்து இருக்கிறது, பிள்ளைக்கு அதை எப்படிச் சமைத்துப் போடுவது என்று மூன்று தலைமுறையாக ஆராய்ந்த ஊர் இது. உக்கடம் பெரிய குளத்துக் கரையில் வளரும் ஒரு குழந்தையின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பின்னால் இத்தனை படிப்பு இருக்கிறது!

தி. சு. அவினாசிலிங்கத்தைத் தெரியுமா? 1930-ல் ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கியவர், பிறகு சென்னை மாகாணக் கல்வி அமைச்சர். அதே அவினாசிலிங்கம் 1957-ல் கோவையில் பெண்களுக்கென்று ஒரு மனையியல் கல்லூரி தொடங்கினார். இன்று மகளிர் பல்கலைக்கழகமாக நிற்கும் அதை வளர்த்தெடுத்தவர் ராஜம்மாள் தேவதாஸ். அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஊட்டச்சத்து படித்து டாக்டர் பட்டத்தோடு திரும்பியவர். 1992-ல் பத்மஸ்ரீ.

அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். 1956-ல் காமராஜர் பள்ளி மதிய உணவைத் தொடங்கியிருந்தார். 1961 முதல் 'கேர்' அமைப்பு வழியாக அமெரிக்கப் பால் பவுடரும் கோதுமையும் கப்பலில் வந்து இறங்கின. பசித்த வயிற்றுக்கு அது பெரிய உதவி, மறுக்கவே முடியாது. ஆனால் கப்பல் நின்றுபோனால்? கோவைக் கல்லூரியின் ஆய்வு உள்ளூர்த் தானியத்தின் பக்கம் திரும்பியது. அதில் பிறந்ததுதான் 'குழந்தை அமுது'! வறுத்த தானிய மாவு, பாசிப்பருப்பு, நிலக்கடலை, வெல்லம். அவ்வளவுதான்! எல்லாம் பக்கத்து மளிகைக் கடையில் கிடைப்பவை.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? தானியத்தின் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைகிற மெத்தியோனின் தானியத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே வாயில் சேர்ந்தால் வளரும் உடம்புக்கு வேண்டிய புரதம் முழுசாகிவிடும். இப்போது கொங்கு வீட்டு அடுப்பங்கரைக்கு வாருங்கள். அப்பத்தாவும் அம்முச்சியும் ஆக்கிப் போட்ட அரிசிம்பருப்புச் சாதம் இதே கணக்குத்தான்! மேலே ஊற்றுகிற நெய்க்கும் வேலை உண்டு. கீரையில் இருக்கும் பீட்டா கரோட்டின் கொழுப்பு இல்லாமல் உடம்பில் சரியாகச் சேராது. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம், அதே அளவு பாலில் 120 தான். நூறு கிராம் கொள்ளில் 22 கிராம் புரதம். இதைப் பிள்ளைகளுக்குப் பாடமாக மட்டும் சொன்னால் பரீட்சையோடு மறந்துபோகும். பள்ளிக்கூடத்தில் கொள்ளு ரசம் வைத்துக் கொடுத்துச் சொன்னால் மறக்காது.

பள்ளித் தோட்டம் நேற்று வந்த யோசனை என்றா நினைக்கிறீர்கள்? 1960-களிலேயே யுனிசெஃப், உலகச் சுகாதார நிறுவனம், உணவு வேளாண்மை நிறுவனம் மூன்றும் நம் அரசோடு சேர்ந்து நடத்திய செயல்முறை ஊட்டச்சத்துத் திட்டத்தில் பள்ளித் தோட்டம், கோழி வளர்ப்பு, மீன் குட்டை எல்லாமே இருந்தன! 2019-ல் மத்திய அரசு பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்குத் தனி வழிகாட்டுதலே வெளியிட்டது. இடமே இல்லாத பள்ளிக்கூடமா? 2013-ல் தமிழக அரசு மாடித் தோட்டத் தளைகளை முதலில் கொடுத்துப் பார்த்த இரண்டு ஊர்கள் சென்னையும் நம் கோவையும்! தென்னைநார்க் கழிவு நிரப்பிய பை, ஒரு பிடி விதை, பிள்ளைகள் கை கழுவும் தண்ணீர். இருபத்தைந்து நாளில் முளைக்கீரை பிடுங்கலாம். தான் தண்ணீர் ஊற்றிய கீரையைப் பிள்ளை தட்டோரம் ஒதுக்கி வைக்குமா, சொல்லுங்கள்!

காரமடைப் பக்கம் தேக்கம்பட்டிப் பாப்பம்மாளை மறக்க முடியுமா? மளிகைக் கடை நடத்திச் சேர்த்த காசில் நிலம் வாங்கியவர். பவானிக் கரையில் இரண்டரை ஏக்கரில் தானியமும் பயறும் காய்கறியும் இயற்கை முறையில் விளைவித்து, 105 வயதில், 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார்! வேளாண் பல்கலைக்கழகத்தோடு நெருங்கிய தொடர்பு வைத்திருந்தவர். 2024 செப்டம்பரில் மறைந்தார். அவர் வாழ்க்கையை ஒவ்வொரு கோவைப் பள்ளியும் சத்துணவுப் பாடமாகவே வைக்கலாம் என்பேன்.

இனி பள்ளிச் சோற்றுக்கு வருவோம். 1920-ல் சென்னை ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில், பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, தலைக்கு ஒரு அணாவுக்கு மிகாத செலவில் தொடங்கிய மதியச் சோறு, 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவாக விரிந்தது. 1989-ல் முட்டை சேர்ந்தது. அந்த முட்டை எங்கிருந்து வருகிறது? நம் கொங்கு நாட்டு நாமக்கல்லிலிருந்து! 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது, உள்ளூரில் விளையும் சிறுதானியத்தில் வாரம் இரண்டு நாளாவது சமைக்க வேண்டும் என்று அரசாணையிலேயே எழுதினார்கள். எனக்கு மிகவும் பிடித்த வரி அது.

இப்போது பிரேசிலைப் பாருங்கள். பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்துக்குச் சிறு விவசாயக் குடும்பங்களிடமே வாங்க வேண்டும் என்று 2009-ல் சட்டமே போட்டார்கள்! ஜப்பானில் உணவுக் கல்விக்கென்று 2005-ல் தனிச் சட்டம் வந்தது. நம்மிடம் 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இருக்கிறது. உக்கடத்திலிருந்து பொள்ளாச்சி ரோட்டில் போனால் சுந்தராபுரத்திலேயே ஒன்று உண்டு. விடியற்காலையில் பறித்த காய் அங்கே இடைத்தரகர் இல்லாமல் விற்கிறது. அந்தக் கத்தரிக்காயும் சின்ன வெங்காயமும் முருங்கைக்கீரையும் விவசாயி கையிலிருந்து நேரே உக்கடத்துச் சத்துணவுக் கூடத்துக்கு, பத்து மணிக்கு உலை கொதிக்கும் முன்னால் வந்து சேர வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் என்று வைத்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளையும் கூட்டிப் போய் எடை போட்டு வாங்கச் செய்தால், இந்த ஆடியிலேயே தொடங்கிவிடலாம்!