57 சதவீதம் தோற்ற தேர்தல்

2024 நவம்பர் 5. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாகாணத்தில் அதிபர் வேட்பாளர் டொனால்ட் டிரம்ப் சுமார் 56 சதவீத வாக்குகள் பெற்றார். அபார வெற்றி என்று தொலைக்காட்சிகள் அறிவித்தன. அதே வாக்குச்சீட்டில் சற்றுக் கீழே இன்னொரு கேள்வியும் இருந்தது. கருப்பைக்கு வெளியே உயிர்வாழும் திறன் கருவுக்கு வருவதற்கு முன்பும், தாயின் உடல்நலம் காக்கத் தேவைப்படும்போதும் கருக்கலைப்பைத் தடுக்கக் கூடாது என்று மாகாண அரசியலமைப்பில் எழுதலாமா என்பது கேள்வி. 'நான்காவது திருத்தம்' என்ற அந்த முன்மொழிவுக்கு 57 சதவீதம் பேர் 'ஆம்' என்றார்கள். டிரம்புக்குக் கிடைத்ததைவிட அதிகம். ஆனாலும் அது தோற்றது.

காரணம், ஃபுளோரிடாவில் அரசியலமைப்பைத் திருத்த 60 சதவீத ஆதரவு வேண்டும். 2006-ல் அந்த மாகாண வாக்காளர்கள் கொண்டுவந்த விதி இது. அந்த விதிக்கே அப்போது கிடைத்த ஆதரவு 58 சதவீதத்துக்கும் குறைவு.

அந்தத் தேர்தலுக்கு முந்தைய பல மாதங்கள், "கருக்கலைப்புதான் இந்தத் தேர்தலைத் தீர்மானிக்கும்" என்று அமெரிக்க ஊடகங்களில் ஓயாமல் பேசினார்கள். கருத்துக்கணிப்புகளைக் காட்டித்தான் பேசினார்கள். முடிவு வந்ததும் அதே வாய்கள், "மக்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை" என்று மாற்றிச் சொல்லின. இரண்டுமே தவறு. மக்கள் தங்கள் பதிலில் தெளிவாகவே இருந்தார்கள். அவர்களிடம் எந்தக் கேள்வி கேட்கப்பட்டது என்பதைத்தான் பலரும் கவனிக்கத் தவறினார்கள்.

அரை நூற்றாண்டு வழக்கு

1973 ஜனவரி 22-ல் 'ரோ எதிர் வேட்' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் கருக்கலைப்பை அரசியலமைப்பு உரிமையாக அறிவித்தது. 1992-ல் வந்த 'கேசி' தீர்ப்பு, மாகாணங்கள் கூடுதல் கட்டுப்பாடு விதிக்க வழிவிட்டாலும் உரிமையின் உயிர்நாடியை விட்டுவைத்தது. டிரம்ப் தன் முதல் ஆட்சிக் காலத்தில் நீல் கோர்சச், பிரெட் கவனா, ஏமி கோனி பாரெட் ஆகிய மூவரை உச்ச நீதிமன்றத்தில் அமர்த்தினார். 2022 ஜூன் 24-ல் 'டாப்ஸ்' வழக்கில் நீதிபதி சாமுவேல் அலிட்டோ எழுதிய தீர்ப்பு, ரோவைத் துடைத்தெறிந்தது. இனி அந்தந்த மாகாணமே முடிவு செய்யலாம் என்றாகிவிட்டது.

மிசௌரி மாகாணம் அன்றே தடையை நடைமுறைப்படுத்தியது. அரிசோனாவில் நடந்தது இன்னும் விசித்திரம். அரிசோனா ஒரு மாகாணமாக ஆனதே 1912-ல்தான். ஆனால் 1864-ல் இயற்றப்பட்ட ஒரு தடைச் சட்டம் இப்போதும் செல்லும் என்று அம்மாகாண உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் சொன்னது. அந்தச் சட்டம் பிறந்த காலத்தில் பெண்ணுக்கு வாக்குரிமையே கிடையாது. எதிர்ப்பு வெடிக்க, சில வாரங்களிலேயே சட்டமன்றம் அதை ரத்து செய்தது.

ஆறு வாரம் என்றால் என்ன?

கருத்துக்கணிப்புகளில் 'ஆறு வாரத் தடை' என்று சாதாரணமாகக் கேட்பார்கள். ஃபுளோரிடாவில் 2024 மே 1 முதல் அமலில் உள்ள சட்டம் அதுதான். ஆறு வாரம் போதாதா என்று கேட்பவர்கள் அந்தக் கணக்கைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும்.

மருத்துவர்கள் கர்ப்பத்தை எண்ணத் தொடங்குவது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. ஆகவே ஒரு பெண்ணுக்கு நாள் தள்ளிப்போகும்போதே கணக்கில் நான்கு வாரம் கழிந்திருக்கும். மாதவிலக்கு ஒழுங்காக வருகிற பெண்ணுக்கே கையில் மிஞ்சுவது இரண்டு வாரம். அதற்குள் சந்தேகப்பட வேண்டும், பரிசோதிக்க வேண்டும், முடிவெடுக்க வேண்டும், மருத்துவமனையில் நேரம் வாங்க வேண்டும். ஃபுளோரிடா சட்டப்படி குறைந்தது 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை நேரில் போகவும் வேண்டும். கடைசி நிமிடத்தில் விடுப்புக் கேட்க முடியாத கடைப் பணியாளருக்கும், தைராய்டு கோளாறால் நாள் முறையே இல்லாத பெண்ணுக்கும் இந்தச் சட்டம் நடைமுறையில் முழுத் தடைதான்.

சட்டங்களில் 'தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் விதிவிலக்கு' என்ற வரி இருக்கிறது. எந்த அளவு ரத்தம் போனால் அது ஆபத்து? டெக்சாஸில் தடையை மீறும் மருத்துவருக்கு 99 ஆண்டு வரை சிறை, குறைந்தபட்சம் ஒரு லட்சம் டாலர் அபராதம், உரிமம் பறிபோகும். அந்தத் தண்டனை தலைக்கு மேல் தொங்கும்போது, கருச்சிதைவோடு அவசரப் பிரிவுக்கு வரும் பெண்ணைத் தொடுவதற்கு முன் மருத்துவர் வழக்கறிஞரைக் கேட்கிறார். அந்தத் தாமதத்தில் போவது பெண்ணின் உயிர்.

மேடையில் மோதிய இரண்டு பேச்சு

2024 செப்டம்பர் 10-ல் பிலடெல்பியாவில் ஏபிசி தொலைக்காட்சி நடத்திய விவாதத்தில் டிரம்பும் கமலா ஹாரிஸும் நேருக்கு நேர் நின்றார்கள். குழந்தை பிறந்த பிறகும் கொல்ல அனுமதிக்கிறார்கள் என்ற பொருளில் டிரம்ப் பேச, நெறியாளர் லின்சி டேவிஸ் குறுக்கிட்டு, இந்த நாட்டில் எந்த மாகாணத்திலும் அது சட்டபூர்வம் இல்லை என்று அந்த மேடையிலேயே திருத்தினார். ஜனநாயகக் கட்சி வேட்பாளரான ஹாரிஸ், கருச்சிதைவில் தவித்தும் அவசர சிகிச்சை மறுக்கப்பட்டு, வாகன நிறுத்தத்தில் காருக்குள் ரத்தம் சிந்திய பெண்ணைப் பற்றிப் பேசினார்.

டிரம்ப் சுட்டிக்காட்டியது பிரசவ நேரக் கருக்கலைப்பை. ஆனால் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் தரவுப்படி 90 சதவீதத்துக்கும் மேலான கருக்கலைப்புகள் முதல் 13 வாரங்களுக்குள் நடக்கின்றன. 21 வாரத்துக்குப் பிறகு நடப்பவை ஏறத்தாழ ஒரு சதவீதம். அரிதிலும் அரிதான ஒன்றை முன்னால் நிறுத்தி, அன்றாடம் நடப்பதைப் பற்றிச் சட்டம் போடுகிறார்கள்.

டிரம்பின் நிலைப்பாடும் அந்த ஆண்டு முழுக்க நகர்ந்துகொண்டே இருந்தது. ஏப்ரலில், மாகாணங்களே முடிவு செய்யட்டும் என்றார். ஆகஸ்டில் ஃபுளோரிடாவின் ஆறு வாரம் மிகக் குறைவு என்றார். மறுநாளே, நான்காவது திருத்தத்துக்கு 'இல்லை' என்று வாக்களிப்பேன் என்றார். அக்டோபர் 1 அன்று, நாடு முழுமைக்குமான தடை வந்தால் தடுத்து நிறுத்துவேன் என்று எழுதினார். இந்த நகர்வுகளுக்குப் பலன் இருந்தது. 'அதிபர் யாராக இருந்தாலும் நம் மாகாண விஷயத்தை நாமே பார்த்துக்கொள்ளலாம்' என்ற எண்ணம் லட்சக்கணக்கானவர்களுக்கு வந்தது.

கேள்வி எப்படியோ, பதில் அப்படி

பியூ ஆய்வு மையம் 2024-ல் கேட்டபோது, கருக்கலைப்பு எல்லா அல்லது பெரும்பாலான சூழல்களில் சட்டபூர்வமாக இருக்க வேண்டும் என்றவர்கள் 63 சதவீதம். காலப் நிறுவனம் 2023-ல் மாதக் கணக்கை வைத்துக் கேட்டது. முதல் மூன்று மாதத்துக்கு 69 சதவீத ஆதரவு. அடுத்த மூன்று மாதத்துக்கு 37. கடைசி மூன்று மாதத்துக்கு 22. இரண்டுமே நேர்மையான கணிப்புகள். முதல் எண்ணை மட்டும் எடுத்தால் நாடு ஒரு பக்கம் நிற்பதுபோலத் தெரியும். கடைசி எண்ணை மட்டும் எடுத்தால் எதிர்ப்பக்கம். இரு கட்சிக்காரர்களும் தங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்து மேடையேறினார்கள்.

நெப்ராஸ்கா இதற்கு நல்ல சாட்சி. அங்கே ஒரே தேர்தலில் இரண்டு எதிரெதிர் முன்மொழிவுகள் வாக்குச்சீட்டில் இருந்தன. முதல் மூன்று மாதத்துக்குப் பிறகு தடை என்ற முன்மொழிவு சுமார் 55 சதவீதம் பெற்று வென்றது. கருவின் உயிர்வாழும் திறன் வரை உரிமை என்றது 49 சதவீதத்தில் நின்றது. அந்த மக்களைப் 'பெண்ணுரிமைக்கு எதிரி' என்று சொல்வது எளிது. அது உண்மை ஆகாது. எங்கே கோடு போடுவது என்பதில்தான் அவர்கள் தயங்கினார்கள். கருவும் ஓர் உயிரே என்று உளமார நம்புகிறவர்கள் அமெரிக்காவில் கோடிக்கணக்கில் உண்டு. அந்த நம்பிக்கை நேர்மையானது. அதை மதிக்கலாம், அடுத்த பெண்ணின் உடல்மீது அதைச் சட்டமாக ஏற்றுவதை ஏற்க முடியாது.

அயோவாவின் பாடம்

தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு, அயோவா மாகாணத்தில் ஹாரிஸ் 47, டிரம்ப் 44 என்று ஆன் செல்சரின் கணிப்பு வெளியானது. சாதாரண ஆளில்லை செல்சர். டி மாய்ன் ரெஜிஸ்டர் நாளிதழுக்காகப் பல தேர்தல்களைத் துல்லியமாகக் கணித்தவர். 2020-ல் டிரம்ப் 7 புள்ளி முன்னிலை என்றார், முடிவு 8. அதனால் நாடே அதிர்ந்தது. அயோவாவில் ஆறு வாரத் தடை அந்த ஜூலையில்தான் அமலுக்கு வந்திருந்தது. 65 வயதைக் கடந்த பெண்கள் 63-க்கு 28 என்ற கணக்கில் ஹாரிஸ் பக்கம் என்றது கணிப்பு. ரோவுக்கு முந்தைய காலத்தை அறிந்த பாட்டிமார் பேத்திகளுக்காகக் கிளம்பிவிட்டார்கள் என்று உணர்ச்சிகரமான விளக்கங்கள் எழுந்தன.

முடிவில் டிரம்ப் அயோவாவை 13 புள்ளியில் வென்றார்.

808 பேரிடம் கேட்ட ஒரு கணிப்பு பிழைப்பது உலகத்தில் நடக்காத காரியம் இல்லை. பெரிய பிழை, அந்த எண்மீது ஒரு கதையையே கட்டியது. கதைக்கு அடித்தளம் 2022-ல் விழுந்தது. அந்த ஆகஸ்டில், டிரம்ப் எளிதாக வென்றிருந்த கேன்சஸ் மாகாணம், கருக்கலைப்பு உரிமையை நீக்கும் திருத்தத்தைச் சுமார் 59 சதவீத வாக்குகளால் நிராகரித்தது. அடுத்த ஆண்டு ஒஹையோ, உரிமையை அரசியலமைப்பிலேயே எழுதியது. இவற்றைப் பார்த்த ஜனநாயகக் கட்சியினர், உரிமைக்கு வாக்களித்த கை தங்கள் வேட்பாளருக்கும் வாக்களிக்கும் என்று நம்பினார்கள்.

2024-ல் பத்து மாகாணங்களில் இந்தக் கேள்வி வாக்குக்கு வந்தது. ஏழில் உரிமைத் தரப்பு வென்றது. அவற்றுள் அரிசோனா, மிசௌரி, மொன்டானா, நெவாடா ஆகிய நான்கும் டிரம்பைத் தேர்ந்தெடுத்த மாகாணங்கள். அரிசோனாவில் உரிமைக்கு 60 சதவீதத்துக்கு மேல், டிரம்புக்கு 52. வாக்களித்துவிட்டு வந்தவர்களிடம் நடத்திய கணிப்பில், கருக்கலைப்பே முதல் பிரச்சினை என்றவர்கள் 14 சதவீதம்தான். பொருளாதாரம் என்றவர்கள் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். பெரும்பாலான சூழல்களில் அனுமதிக்கலாம் என்றவர்களின் வாக்கு இரு வேட்பாளர்களுக்கும் ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரிந்தது. முட்டை விலையும் வீட்டு வாடகையும் அதிபருக்கான கட்டத்தில் பேசின. மகளின் உடல்நலம் திருத்தத்துக்கான கட்டத்தில் பேசியது. ஒரே கைதான் இரண்டையும் நிரப்பியது.

எண்ணுக்குப் பின்னால் இருக்கும் பெண்

ஆக, கருக்கலைப்பைப் பற்றிய கணிப்புகள் பெரும்பாலும் பொய்க்கவில்லை. அவற்றிலிருந்து அதிபரைக் கணிக்கப் போனதுதான் பொய்த்தது. ஒரு சட்டத்துக்கான ஆதரவை ஒரு மனிதருக்கான ஆதரவாக மாற்றிக் கணக்குப் போட்டால் இப்படித்தான் முடியும்.

இதைவிட என்னை வருத்துவது இன்னொன்று. மக்கள் தீர்ப்பைக்கூட ஏற்க மறுக்கும் போக்கு. மிசௌரி மக்கள் 51.6 சதவீதம் பேர் உரிமையை மீட்டுக்கொடுத்தார்கள். ஆறே மாதத்தில் அம்மாகாண சட்டமன்றம் அதை ரத்து செய்யும் திருத்தத்தை 2026 நவம்பர் வாக்குச்சீட்டில் வைக்கத் தீர்மானித்தது. ஃபுளோரிடாவில் அரசுத் துறையே மக்கள் வரிப்பணத்தில் நான்காவது திருத்தத்துக்கு எதிராகப் பிரசாரம் செய்தது. ஆறு வாரத் தடையைக் கொண்டுவரச் சட்டமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதுமாக இருந்தது. அதை நீக்க மக்களில் ஐந்தில் மூன்று பேர் வேண்டியிருந்தது. பறிப்பதற்கு ஓர் அளவுகோல், திருப்பித் தருவதற்கு வேறு அளவுகோல். இதற்குப் பெயர் ஜனநாயகம் என்றால், அதில் பாதிப் பேரின் குரலுக்குப் பாதி விலைதான்.

அடுத்த அமெரிக்கத் தேர்தலிலும் கணிப்புகள் வரும். 'கருக்கலைப்பு விவகாரம்: யாருக்குச் சாதகம்?' என்று நம் பத்திரிகைகளும் தலைப்பிடும். அப்போது வாசகர்கள் மூன்று கேள்விகளை மறக்காமல் கேட்க வேண்டும். கணிப்பில் கேட்ட கேள்வியின் வாசகம் என்ன? கேட்டது சட்டத்தைப் பற்றியா, வேட்பாளரைப் பற்றியா? அந்தச் சட்டம் அமலுக்கு வந்தால், நாள் தள்ளிப்போன ஒரு பெண்ணுக்கு மறுநாள் காலையில் என்ன நடக்கும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லாத எந்தக் கணிப்பும், எந்த விவாதமும் இந்த விஷயத்தைப் பேசியதாகவே ஆகாது.