நாலு மணிப் பூனை

நாமக்கல்லைச் சுற்றியுள்ள கோழிப் பண்ணைகளில் விடிவதற்கு வெகு முன்பே விளக்கு எரியத் தொடங்கிவிடும். முட்டைக் கோழிக்கு நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம் வரை வெளிச்சம் வேண்டும் என்பது பண்ணைக் கணக்கு. நம் ஊர்ப் பகல் அதற்குப் போதாது. சேலம், நாமக்கல் பகுதியில் மார்கழிப் பகல் ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம். ஆனியில் பன்னிரண்டே முக்கால். மீதியை பல்புதான் ஈடுகட்டுகிறது. கோடை வெக்கையில் கோழி பகலில் தீவனம் எடுக்காதபோது, நள்ளிரவில் ஒரு மணி நேரம் லைட் போட்டுத் தீனி வைக்கும் முறையும் உண்டு. வெளிச்சத்தையும் தீனியையும் மாற்றினால் ஓர் உயிரின் நாளையே மாற்றி அமைக்கலாம் என்பது இந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர்களுக்குக் கைவந்த பாடம்.

அந்தப் பாடத்தை வீட்டுப் பூனையிடம் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. நாலு மணிக்குக் கட்டிலில் ஏறி, முகத்தை முட்டி, போர்வைக்கு வெளியே நீட்டிய கால்விரலைக் கவ்வும் பூனையை 'அதுக்கு அதான் பழக்கம்' என்று பொறுத்துக்கொள்கிறவர்கள் பலர். எழுந்து போய்ப் பால் ஊற்றிவிட்டு வந்து படுக்கிறவர்கள் அதைவிடப் பலர். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது, அதில் இயற்கையின் பங்கு எவ்வளவு, வீட்டுக்காரர் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால், பூனையும் மனிதரும் ஒரே கூரையின் கீழ் நிம்மதியாகத் தூங்க வழி கிடைக்கும்.

சேலம், நாமக்கல் சமவெளியில் பூனைக்கு வேலை நிறைய உண்டு. மக்காச்சோளம், சோயா, கருவாட்டுத் தூள் என்று கோழித் தீவனம் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் கிடங்குகளை எலி தேடி வரும். மரவள்ளி மாவு இருக்கும் ஜவ்வரிசி ஆலையிலும் அதே தொல்லை. பள்ளிபாளையம், குமாரபாளையம் தறி வீடுகளில் நூலையும் பாவையும் எலி கடித்துவிட்டால் நஷ்டம் கண்ணெதிரே தெரியும். அதனால் யாரும் வாங்காமலே, யாரும் கூப்பிடாமலே பூனைகள் வந்து சேர்ந்துவிடுகின்றன. குட்டி போட்ட தாய்ப்பூனைக்கு ஒரு கிண்ணம் சோறு வைத்ததில் தொடங்கிய உறவு, சில மாதங்களில் தலையணை வரை வந்துவிடுகிறது.

உலக அளவிலும் உறவு தொடங்கிய விதம் இதுதான். வீட்டுப் பூனையின் மூதாதை வட ஆப்பிரிக்கா, மேற்காசியா பகுதியின் காட்டுப்பூனை என்பதை 979 பூனைகளின் மரபணுவை ஒப்பிட்டு 2007-ல் ஓர் ஆய்வுக் குழு காட்டியது. தானியம் சேமித்த மனிதரைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் மனிதரோடு அருகருகே புதைக்கப்பட்ட ஒரு பூனையின் எலும்புக்கூட்டை 2004-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அதன் வயது ஏறத்தாழ 9,500 ஆண்டு.

எலி நடமாடும் நேரத்தில் விழித்திருப்பதுதான் பூனையின் பிழைப்பு. அந்தி மயங்கும் நேரமும் விடியலுக்கு முந்தைய நேரமும் அதற்கு உச்ச வேளைகள். அதன் உடலே அதற்காக அமைந்தது. விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் பளபளப்பான படலம், உள்ளே வந்த ஒளியைத் திருப்பி அனுப்பி இரண்டாம் முறையும் பயன்படுத்துகிறது. இருட்டில் பூனைக்கண் மின்னுவது அதனால்தான். மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். பூனை 85,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று 1985-ல் அளந்து சொன்னார்கள். எலிகள் தங்களுக்குள் எழுப்பும், நமக்குக் கேட்கவே கேட்காத கீச்சொலி அதற்குத் துல்லியமாகக் கேட்கும். ஊரே அடங்கிய பின் பூனை சுவரையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், சுவருக்குப் பின்னால் ஏதோ ஓடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதைத் தமிழர் எப்போதோ கவனித்திருக்கிறார்கள். குறுந்தொகையின் 107-ஆம் பாட்டில் மதுரைக் கண்ணனார் படைத்த தலைவி, விடியலில் கூவித் தன் உறக்கத்தைக் கலைத்த சேவலைச் சபிக்கிறாள். நள்ளிரவில் வீட்டு எலியைப் பார்த்திருக்கும் வெருகுப் பூனையின் குட்டிக்கு நீ இரையாகிப் போ என்பது சாபம். தூக்கம் கெட்ட கோபமும் பூனையின் இரவு வேட்டையும் ஒரே பாட்டில் சேர்ந்து நிற்பது தற்செயலாக இருக்கலாம். அந்தக் கவனிப்பின் நுட்பம் தற்செயல் அல்ல.

ஒரு நாளில் பன்னிரண்டு முதல் பதினாறு மணி நேரம் பூனை தூங்கும். ஆனால் சிறுசிறு துண்டுகளாகத் தூங்கும். மனிதத் தூக்கம் வேறு மாதிரி. ஏறத்தாழ தொண்ணூறு நிமிடச் சுழற்சிகளாக ஓடும் அதில், ஆழ்ந்த தூக்கம் முன்னிரவில் அதிகம். கனவுத் தூக்கம் பின்னிரவில் அதிகம். உடல் வெப்பம் மிகவும் தணிந்திருப்பது விடியலுக்கு முந்தைய அந்த நேரத்தில்தான். பூனை சுறுசுறுப்பாக எழும் வேளையும் மனித உடல் சற்றும் எழ விரும்பாத வேளையும் நேருக்கு நேர் மோதிக்கொள்கின்றன. தினமும் இந்த மோதலில் தோற்பவர், மறுநாள் தறிமேடையிலோ லாரி ஸ்டியரிங்கிலோ உட்காருகிறவராக இருந்தால் அது சிறிய விஷயமல்ல.

கனவுத் தூக்கத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு பூனைகளிடமிருந்து கிடைத்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பிரான்ஸின் லியோன் நகரில் மிஷல் ஷூவே 1959-ல் தூங்கும் பூனைகளை ஆராய்ந்தார். மூளை விழித்திருப்பது போலத் துடிக்கும்போதே உடல் தசைகள் முழுக்கத் தளர்ந்துபோகும் ஒரு நிலையை அவர் கண்டார். பிறகு, தசையைத் தளர வைக்கும் மூளைப் பகுதியைச் சேதப்படுத்திப் பார்த்தபோது, பூனைகள் தூக்கத்திலேயே எழுந்து பதுங்கின, பாய்ந்தன, இல்லாத இரையைத் தாக்கின. பூனையின் கனவிலும் ஓடுவது வேட்டைதான் என்று நினைக்க அது இடம் தந்தது.

படுக்கையறையில் பிராணியை அனுமதிப்பதே தவறா? அமெரிக்காவின் அரிசோனாவில் மாயோ கிளினிக்கின் தூக்க மருத்துவ மையம் 150 நோயாளிகளிடம் கேட்டு 2015-ல் முடிவை வெளியிட்டது. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பிராணி வளர்ப்பவர்கள். அந்தப் பாதியில் பாதிக்கு மேற்பட்டோர் அவற்றைப் படுக்கையறையில் விட்டார்கள். தூக்கம் கெடுகிறது என்றவர்கள் 20 சதவீதம். தொந்தரவே இல்லை, நல்லதுதான் என்றவர்கள் 41 சதவீதம். தனியாக இருக்கிறவர்களுக்குக் காலடியில் ஒரு சூடான உயிர் படுத்திருப்பது எவ்வளவு ஆறுதல் என்பதை மருத்துவர்களும் மறுப்பதில்லை. ஆகவே பூனையை விரட்டுவது பற்றிய பேச்சு இங்கே வேண்டாம்.

இந்த விஷயத்தில் மிக அழகான ஆய்வு, பூனையால் எழுப்பப்பட்ட ஒரு விஞ்ஞானியிடமிருந்து வந்தது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்குகளின் ஒலியை ஆராயும் கேரன் மெக்காம்பை அவருடைய பூனை பெப்போ தினமும் காலையில் ஒரு விதமான உறுமலால் எழுப்பும். கத்தலாக இருந்தால் அடக்கிவிடலாம். இந்த உறுமலைப் புறக்கணிக்க முடியவில்லை. பத்துப் பூனைகள் சாப்பாடு கேட்கும்போதும் சும்மா மகிழ்ச்சியாக இருக்கும்போதும் எழுப்பிய உறுமல்களைப் பதிவு செய்து ஐம்பது பேருக்குப் போட்டுக் காட்டினார். பூனையே வளர்க்காதவர்கள்கூட, சாப்பாடு கேட்கும் உறுமலில் அவசரம் தெரிகிறது, கேட்க இனிமையாக இல்லை என்றார்கள். 2009-ல் வெளியான அந்த ஆய்வு காரணத்தையும் சொன்னது: தாழ்ந்த உறுமலுக்குள்ளே கீச்சென்ற ஓர் ஒலி ஒளிந்திருக்கிறது, அதன் அதிர்வெண் கைக்குழந்தையின் அழுகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரே மனிதரோடு நெருங்கி வாழும் பூனைகளிடமே இந்த ஒலி நன்றாக வளர்கிறது என்பது மெக்காம்பின் கருத்து. பலன் கிடைக்கக் கிடைக்கப் பூனை அதை மெருகேற்றிக்கொள்கிறது.

வீட்டுக்காரரின் பங்கு இங்கேதான் தொடங்குகிறது. பூனை கத்துகிறது, எழுந்து பால் ஊற்றுகிறோம், அது அமைதியாகிறது. நமக்கு அது ஒரு சமாளிப்பு. பூனைக்கோ அது ஒரு பாடம்: நாலு மணிக்குக் கத்தினால் கிண்ணம் நிறையும். நான்கு நாள் பொறுத்துவிட்டு ஐந்தாம் நாள் எழுந்து கொடுத்தால் பாடம் இன்னும் ஆழமாகப் பதியும், ஏனென்றால் எப்போதாவது கிடைக்கும் பலன்தான் ஒரு பழக்கத்தை வலுவாகப் பிடித்து வைக்கும். நிறுத்துவது என்று முடிவெடுத்தால் முதலில் சில இரவுகள் கத்தல் கூடும். அந்த இரவுகளில் திட்டவும் கூடாது, தடவிக் கொடுக்கவும் கூடாது. பூனைக்கு இரண்டுமே பதில்தான். குடும்பத்தில் ஒருவர் உறுதியாக இருந்து இன்னொருவர் ரகசியமாகக் கொடுத்தால் ஒன்றும் நடக்காது.

என்ன கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். நம் வீடுகளில் பூனைக்குப் பால்சோறு, தயிர்சோறு, மீன் குழம்பு ஊற்றிய சோறு என்று கொடுக்கிற வழக்கம். பூனை முழுக்க முழுக்க இறைச்சி தின்னும் உயிர். டாரின் என்ற சத்தை அதன் உடல் போதிய அளவு தயாரிக்காது; இறைச்சியிலிருந்துதான் பெற வேண்டும். அது குறைந்தால் விழித்திரை கெடும் என்று 1975-லும், இதயத் தசை தளரும் என்று 1987-லும் அமெரிக்க ஆய்வுகள் காட்டின. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காமல் வயிற்றுப்போக்கு வரும். இரவு எட்டு மணிக்குச் சோறு தின்று படுத்த பூனை விடிகாலையில் பசியோடு எழுவதைக் குறும்பு என்று சொல்வது நியாயமில்லை. கோழி மலிவாகக் கிடைக்கும் மாவட்டம் இது. வேகவைத்த கோழிக் கால் இறைச்சியும் இருதயமும் டாரின் நிறைந்தவை. ஈரல் மட்டும் அளவோடு போதும். முட்டையும் நல்ல புரதம்தான், ஆனால் அதில் டாரின் மிகக் குறைவு என்பதால் முட்டையை மட்டும் நம்ப முடியாது. எதைக் கொடுத்தாலும் வேகவைத்தே கொடுக்க வேண்டும். 2025 தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் வீட்டுப் பூனைகளிடமே பறவைக் காய்ச்சல் கிருமி கண்டறியப்பட்டது. பண்ணைகள் நிறைந்த ஊரில் பச்சை இறைச்சி வேண்டவே வேண்டாம்.

பூனையின் நேரத்தை நம் நேரத்தோடு ஒட்ட வைக்க முடியுமா என்ற கேள்விக்கு இத்தாலியின் மெஸ்ஸினா பல்கலைக்கழகம் 2013-ல் பதில் தந்தது. இரண்டு கூட்டமாகப் பூனைகளைப் பிரித்தார்கள். ஒரு கூட்டம் வீட்டுக்காரரோடு வீட்டுக்குள்ளேயே வளர்ந்தது. மற்றது பகலில் சிறிது நேரம் தவிர வெளியே, இரவு முழுவதும் வெளியே. முதல் கூட்டத்தின் ஓட்டமும் ஓய்வும் மெல்ல மெல்ல வீட்டுக்காரரின் நாளைப் பின்பற்றின. இரண்டாவது கூட்டம் இரவு விலங்காகவே நின்றது. ராத்திரி பூனையை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினால் பிரச்சினை தீரும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தீர்வதற்குப் பதில் அதன் இரவு விழிப்பு நிலைத்துவிடும். தெரு நாய், லாரி டயர், வெறிநாய்க்கடி நோய் ஆபத்துகள் தனி.

வேட்டை, சாப்பாடு, நக்கிச் சுத்தம் செய்துகொள்வது, தூக்கம். பூனையின் உடல் இந்த வரிசைக்குப் பழகியது. படுக்கப் போவதற்கு முன் அதே வரிசையை வீட்டுக்குள் நடத்திக் காட்டலாம். சேலத்துக் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் பகல் முழுக்கப் படுத்தே கிடந்த பூனைக்கு ராத்திரிதான் தெம்பு வரும். ஒரு குச்சியில் கயிறும் இறகும் கட்டி, பதுங்கிப் பாயவிட்டு, கடைசியில் பிடிக்கவும் விட வேண்டும். பிடிக்காமலே முடியும் விளையாட்டு அதற்கு எரிச்சல். அதன் பின் நாளின் பெரிய சாப்பாடு. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகம் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சிப் புரதம் நிறைந்த உணவு பெற்ற பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. தினமும் ஐந்து பத்து நிமிடம் விளையாடியதால் 25 சதவீதம் குறைந்தது. தூக்கத்தை அவர்கள் அளக்கவில்லை. ஆனால் வயிறும் வேட்டை உணர்வும் நிறைந்த பூனை அடங்கும் என்பதற்கு அது நல்ல சான்று. காலைச் சாப்பாட்டை நாம் எழுந்தவுடன் வைக்காமல், பல் துலக்கி, காபி குடித்து, அரை மணி கழித்து வைத்தால், நாம் எழுவதற்கும் கிண்ணம் நிறைவதற்கும் உள்ள முடிச்சு அவிழும். இரவு ஷிப்ட், பகல் ஷிப்ட் என்று வாரம் மாறும் தறி வீடுகளில் எழும் நேரம் மாறினாலும், பூனைக்குச் சாப்பாட்டு நேரத்தையாவது மாற்றாமல் வைத்திருப்பது நல்லது.

எல்லா இரவுக் கத்தலும் சாப்பாட்டுக்கானது அல்ல. குழந்தை அழுவது போல, தெருவையே எழுப்பும் அந்த நீண்ட ஓலம் இணை தேடும் பெண் பூனையுடையது. பதில் கொடுத்துச் சண்டை போடுபவை கடுவன்கள். இதிலும் வெளிச்சத்துக்குப் பங்கு உண்டு. பகல் நீளும்போது பெண் பூனை பருவத்துக்கு வரும். குளிர் நாடுகளில் பகல் சுருங்கும் மாதங்களில் அது ஓய்ந்துவிடும். நம் ஊரில் பகல் அவ்வளவு சுருங்குவதே இல்லை; தெருவிளக்கும் வீட்டு விளக்கும் வேறு சேர்கின்றன. ஆகவே ஆண்டின் எந்த மாதத்திலும் அந்த ஓலம் கேட்கும். இணை சேராத பூனை ஒரு வாரம் கத்தி ஓய்ந்து, இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி தொடங்கும். நான்கைந்து மாதக் குட்டியே பருவத்துக்கு வந்துவிடலாம். சினைக்காலம் ஒன்பது வாரம்தான். கருத்தடை அறுவை சிகிச்சையைப் பாவம் என்று தள்ளிப்போடுவதால் வரும் குட்டிகள் எங்கே போய்ச் சேர்கின்றன என்பது ஊருக்குத் தெரியும். சென்னைக்கு அடுத்து மாநிலத்தின் இரண்டாவது கால்நடை மருத்துவக் கல்லூரி 1985-ல் தொடங்கியது நாமக்கல்லில்தான். சேலம் மாவட்டத்துத் தலைவாசலிலும் 2021 முதல் ஒரு கல்லூரி இருக்கிறது. மாட்டுக்கும் கோழிக்கும் மட்டுமானவை என்று அவற்றை நினைக்க வேண்டியதில்லை.

இதுவரை ஒழுங்காகத் தூங்கிய வயதான பூனை திடீரென்று இரவில் கத்தத் தொடங்கினால் அங்கே பழக்கவழக்கப் பேச்சுக்கு இடமில்லை. தைராய்டு மிகையாகச் சுரப்பது, சிறுநீரகம் தளர்வது, ரத்த அழுத்தம் ஏறுவது, மூட்டுவலி, பல்வலி என்று பல காரணங்கள் இருக்கலாம். பதினைந்து வயதைத் தாண்டிய பூனைகளில் ஏறத்தாழ பாதிக்கு மூளை முதுமையின் அறிகுறிகள் தெரிகின்றன என்று ஆய்வுகள் சொல்கின்றன. நடு இரவில் காரணமின்றிக் கத்துவது அவற்றில் முக்கியமானது. வலியால் கத்துகிறது என்று எண்ணி, வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டை உடைத்துக் கொடுக்கிறவர்கள் உண்டு. அதை முறிக்கும் திறன் பூனையின் ஈரலுக்கு இல்லை. ஒரே மாத்திரை அதைக் கொன்றுவிடும். மருத்துவரிடம் கொண்டுபோய் ரத்தமும் சிறுநீரும் பரிசோதித்து, ரத்த அழுத்தமும் பார்த்தால், தைராய்டுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பூனைக்கேற்ற மாத்திரைகள் இருக்கின்றன.