# குறிக்குப் பின்னால்

உலாவியின் மேற்பட்டையில் ஒரே தொடராகத் தெரியும் இணைய முகவரி, 1994 டிசம்பரில் டிம் பெர்னர்ஸ்-லீயும் இன்னும் இருவரும் எழுதிய வரையறை வெளிவந்த காலத்திலிருந்தே, பல உறுப்புகள் கோத்த ஒன்றாகத்தான் வகுக்கப்பட்டு வருகிறது. நெறிமுறை, தளத்தின் பெயர், தளத்துக்குள் பக்கம் இருக்கும் பாதை, வினாக்குறிக்குப் பின் வரும் வினவல், # குறிக்குப் பின் வரும் துணுக்கு ஆகிய இவற்றைப் பக்கத்தில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல், ‘லொக்கேஷன்’ என்ற பொருளின் வழியே தனித்தனியாகப் படிக்கலாம், மாற்றவும் செய்யலாம்.

படிக்கும்போது ஒரு சிக்கல் உண்டு. வினவலில் ‘தமிழ்’ என்ற சொல் வந்தால், அதன் ஐந்து யூனிகோட் குறிகள் ஒவ்வொன்றும் மூன்று பைட்டாகவும், ஒவ்வொரு பைட்டும் % குறியும் இரு பதினறும எண்ணுருக்களுமாகவும் விரிவதால், மூன்றெழுத்துச் சொல் 45 குறிகளாக நீண்டுவிடுகிறது. நிரல் அதை மீட்டெழுதிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

மாற்றும்போதோ, எந்த உறுப்பைத் தொடுகிறோம் என்பதைப் பொறுத்தே விளைவு அமைகிறது. வினவலை மாற்றினால் பக்கம் புதிதாக ஏற்றப்படும். துணுக்கை மாற்றினால் ஏற்றப்படாது, ஏனெனில் துணுக்கு உலாவியைத் தாண்டி வழங்கிக் கணினிக்குச் செல்வதே இல்லை. இந்த வசதியை நம்பி 2010இல் ட்விட்டர் தன் முகவரிகளில் #! என்ற குறியைப் புகுத்தியது. ஆனால் பயனர் கேட்பது எந்தப் பக்கம் என்று வழங்கிக்குத் தெரியாததால், முதலில் வெற்றுச் சட்டகம் வந்து, அதிலுள்ள நிரல் துணுக்கைப் படித்து, அதன் பிறகே உள்ளடக்கத்தைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. தாமதம் பொறுக்காமல் 2012இல் அந்நிறுவனமே அதைக் கைவிட்டது. குறுக்குவழிதான், ஆனால் சுற்றுவழியாக முடிந்தது.

இதற்கு மாற்றாக வந்த ‘புஷ்ஸ்டேட்’ என்ற கட்டளை, பக்கத்தை மீண்டும் ஏற்றாமலே பாதையையும் வினவலையும் மாற்றி, பின்செல் பொத்தானுக்குரிய வரலாற்றிலும் ஒரு பதிவைச் சேர்க்கிறது. தேடல் பெட்டியில் தட்டும் ஒவ்வோர் எழுத்துக்கும் இதை ஏவினால், பயனர் பின்செல் பொத்தானை அழுத்தியே சலித்துப்போவார். அத்தகைய இடங்களில் பழைய பதிவின் மேலேயே எழுதும் ‘ரீப்ளேஸ்ஸ்டேட்’ பொருந்தும். இரண்டாலும் தளத்தின் பெயரை மாற்ற முடியாது. முடிந்தால், எந்தப் போலிப் பக்கமும் வங்கியின் முகவரியைச் சூட்டிக்கொண்டு கடவுச்சொல்லைக் கேட்கத் தொடங்கிவிடும். மேலும், நிரல் எழுதிய புதிய பாதை வழங்கிக்கும் தெரிந்திருக்க வேண்டும். இல்லையேல், அதுவரை ஒழுங்காகத் தெரிந்த பக்கத்தைப் பயனர் ஒருமுறை புதுப்பித்தவுடன் 404 என்ற பிழைதான் வந்து நிற்கும்.