மாத்திரை அட்டையின் மையும் மறைந்துபோகும் ஈ.சி.ஜி.யும்

வெளிநோயாளர் பிரிவுக்கு வருவோரிடம், இப்போது உட்கொண்டுவரும் மருந்துகளைக் காட்டுமாறு நாங்கள் கேட்கிறோம். பலர் ஒரு நெகிழிப் பையை மேசைமீது கவிழ்க்கிறார்கள். அதில் முழு அட்டைகளைவிடத் துண்டுகளே மிகுதி. மருந்தின் பெயர் பாதி இருக்கும். காலாவதி மாதமும் தொகுதி எண்ணும் இருந்த முனை எப்போதோ வெட்டப்பட்டிருக்கும், அல்லது சட்டைப் பையில் உரசி உரசி அழிந்திருக்கும். நெஞ்சுவலி வந்தால் நாவின்கீழ் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த மாத்திரையும் அத்துண்டுகளுள் ஒன்றாக இருப்பதுதான் எங்களுக்குக் கவலை தருகிறது. பயன்படும் நேரத்தில் அது வேலை செய்தாக வேண்டிய மருந்து.

ஆலங்குளத்தில் சிமெண்ட் ஆலையை அறியாதவர் இல்லை. மூட்டையில் கட்டப்பட்ட வாரமும் ஆண்டும் பார்த்து வாங்குவது இங்குள்ள கொத்தனார்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதன்று; நாட்பட்ட சிமெண்டுக்கு வலு குறையும். மாத்திரையிலும் அதுவே நிகழ்கிறது. காலம் கடந்த மருந்தெல்லாம் நஞ்சாகிவிடுவதில்லை. பெரும்பாலும் அதன் ஆற்றல் குறைகிறது. எவ்வளவு குறைந்தது என்பதைக் கண்ணால் அறிய வழியில்லை. ஆகவே, அட்டையின் ஓரத்தில் இருக்கும் அந்தச் சிறு வரியை நம்பித்தான் நாம் அனைவரும் இயங்குகிறோம். அந்த வரி எவ்வாறு அங்கே வந்தது, ஏன் அழிகிறது என்பதை அறிந்துகொள்வது பயனுடையது.

ஓர் அட்டையில் இருவகை எழுத்துகள் உள்ளன. மருந்தின் பெயர், அளவு, தயாரித்தவரின் முகவரி ஆகியவை அலுமினியத் தாளில் முன்கூட்டியே பெருமளவில் அச்சிடப்படுபவை. தொகுதி எண், தயாரித்த மாதம், காலாவதி மாதம், விலை ஆகியவை மாத்திரை அடைக்கப்படும்போது கடைசியாகச் சேர்க்கப்படுபவை. சில ஆலைகளில் இவை எழுத்துப் புடைப்பாக அழுத்தப்படுகின்றன. விளக்கொளியில் சற்றே சாய்த்துப் பார்த்தால் தெரியும். பல பொதிகளில், பெட்டிகளில், மருந்துக் குப்பிகளில் இவ்வேலையைச் செய்வது இங்க்ஜெட் என்னும் மைத்துளி அச்சு.

குழாயைச் சிறிதளவு திறந்தால் நீர் முதலில் இழையாக விழுந்து, கீழே வரவர மணிமணியாக உடைவதைப் பார்த்திருப்பீர்கள். நீரின் பரப்பு இழுவிசையால் நிகழும் இவ்வுடைப்பின் கணக்கை 1878-ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் ராலே வகுத்தளித்தார். மைத்துளி அச்சு அக்கணக்கின்மேல் நிற்பது. அழுத்தத்துடன் நுண்துளை வழியே பீறிடும் மையை ஒரு படிகம் அதிரச்செய்கிறது. இழை நொடிக்கு 50,000-க்கும் மேற்பட்ட ஒரே அளவான துளிகளாக உடைகிறது. வேண்டிய துளிகளுக்கு மட்டும் மின்னூட்டம் கொடுத்து, இரு தகடுகளுக்கிடையே செலுத்தி, உரிய இடத்தில் விழச்செய்கிறார்கள். மின்னூட்டம் பெறாதவை ஒரு வடிகாலில் விழுந்து மீண்டும் மைத்தொட்டிக்குத் திரும்புகின்றன. முனை, அட்டையைத் தொடுவதே இல்லை. 1960-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு ஸ்வீட் இம்முறையை உருவாக்கினார்.

வீட்டிலும் ஜெராக்ஸ் கடையிலும் உள்ள இங்க்ஜெட் எந்திரங்களின் வழி வேறு. அவற்றுள் ஒருவகையில், மையைத் தாங்கிய நுண்ணறை ஒரு கணத்தின் சிறு பின்னத்துக்குள் சூடாக்கப்படுகிறது. அங்கே எழும் ஆவிக்குமிழி ஒரு துளியை வெளியே தள்ளுகிறது. 1977-இல் ஜப்பானின் கேனன் நிறுவனத்தில், சூடான பற்றவைப்புக் கோல் ஒன்று மை நிரம்பிய ஊசியில் தற்செயலாகப் பட, மை பீறிட்டதிலிருந்து இவ்வெண்ணம் பிறந்தது என்பர். இத்துளிகள் பிகோலிட்டர் என்னும் அளவில் எண்ணப்படுகின்றன. ஒரு லிட்டரை லட்சம் கோடிப் பங்காக்கினால் வரும் ஒரு பங்கே ஒரு பிகோலிட்டர். குளுக்கோஸ் பாட்டிலிலிருந்து இறங்கும் ஒரு சொட்டு, மில்லிலிட்டருக்கு இருபது என்ற கணக்கில், ஐந்து கோடி பிகோலிட்டர் ஆகும்.

மருத்துவர்களாகிய எங்களுக்கு இவ்வரலாற்றில் ஒரு தனி ஈடுபாடு உண்டு. மைத்துளியால் பதிவுசெய்யும் முதல் பயன்தரு கருவி புத்தகம் அச்சிட உருவாக்கப்பட்டதன்று. இதயத்துடிப்பை வரைய உருவாக்கப்பட்டது. மருத்துவப் பட்டம் பெற்றுப் பொறியியலுக்குச் சென்ற சுவீடன் நாட்டவர் ரூனே எல்ம்குவிஸ்ட், 1951-இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அக்கால ஈ.சி.ஜி. கருவிகளின் எழுதுமுனைக்கு எடை இருந்தது. இதயத்தின் மின்துடிப்போ நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள் ஏறி இறங்குவது. எடையுள்ள முனை அதைப் பின்தொடர முடியாமல் கூர்முகடுகளை மழுக்கிவிடும். எல்ம்குவிஸ்ட் மெல்லிய கண்ணாடிக் குழலின் நுனியிலிருந்து மையைப் பீறிடச்செய்து, அக்குழலை இதயத்தின் மின்குறிப்புக்கேற்ப அசையவைத்தார். மிங்கோகிராஃப் என்ற அக்கருவி உலகின் பல மருத்துவமனைகளில் இயங்கியது. அவரே 1958-இல், உடலுக்குள் முழுதும் பதிக்கப்பட்ட முதல் பேஸ்மேக்கரையும் செய்தவர். ஓக்கே சென்னிங் என்னும் அறுவை மருத்துவர் அதைப் பொருத்திய ஆர்னே லார்சனுக்கு அப்போது வயது 43. முதல் கருவி சில மணி நேரமே இயங்கியது. பின்னர் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகள் மாற்றப்பட்டு, தம்மைக் காத்த இருவரின் காலத்துக்குப் பின்னும் வாழ்ந்து, 2001-இல் தம் 86-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

இனி மை. நீரிலோ வேறு கரைப்பானிலோ முற்றும் கரைந்திருக்கும் நிறப்பொருள் சாயம். கரையாமல் மிகநுண்ணிய துகள்களாக மிதப்பது நிறமி. சாயமை பளிச்சென்று தெரியும், ஆனால் நீர் பட்டால் கலையும். நிறமி தாளின்மேல் படிந்து நிற்கும். நீருக்கும் வெயிலுக்கும் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். மழையில் நனைந்த மருந்துச்சீட்டு சிலருக்கு மட்டும் நீலக் கறையாகிவிடுவதன் காரணம் இதுவே. நுண்துளை அடைபடாதவாறு நிறமித் துகள்களை அரைத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதக்கவைத்ததுதான் கடந்த சில பத்தாண்டுகளில் மை வேதியியலார் செய்த பெரிய பணி என்று கூறலாம்.

அலுமினியத் தாளுக்கோ நீர் சார்ந்த மை ஒட்டாது. அது உறிஞ்சாத பரப்பு. எனவே விரைந்து ஆவியாகும் மெத்தில் எத்தில் கீட்டோன் போன்ற கரைப்பானில் சாயத்தையும் பிசினையும் கரைத்துப் பயன்படுத்துகிறார்கள். ஓரிரு நொடிகளில் காய்ந்துவிடுகிறது. ஆனால், மேலே ஒரு படலமாகத்தான் நிற்கிறது. கைகழுவும் சானிடைசர், யூகலிப்டஸ் தைலம், தலைக்கு வைக்கும் எண்ணெய், சட்டைப் பையின் வியர்வை ஆகியவை அப்படலத்தைத் தளர்த்திவிடும். கொரோனாக் காலத்தில் மருந்து அட்டைகளைச் சானிடைசரால் துடைத்த வீடுகளில் தேதியும் சேர்ந்தே துடைக்கப்பட்டது.

நாங்கள் வேண்டுவது இதுதான். மருந்துக்கடையில் பாதி அட்டை வாங்க நேர்ந்தால், தேதியுள்ள முனை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். அது உங்களிடம் வராவிட்டால், தொகுதி எண்ணும் காலாவதி மாதமும் குறிக்கப்பட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் மாத்திரையை எப்போதும் தேதியில்லாத முனையிலிருந்தே பிரித்தெடுங்கள். அட்டையில் ஒரு மாதமும் ஆண்டும் மட்டும் இருந்தால், அம்மாதத்தின் கடைசி நாள்வரை பயன்படுத்தலாம் என்பதே நம் நாட்டு விதி. தொகுதி எண்ணையும் எளிதாக எண்ணவேண்டாம்: தரமற்றவை எனக் கண்டறியப்பட்ட மருந்துகளின் பட்டியலை மத்திய மருந்துத் தர அமைப்பு மாதந்தோறும் வெளியிடுகிறது. அதில் மருந்தை அடையாளம் காட்டுவது தொகுதி எண்ணே. பெரிதும் விற்பனையாகும் 300 மருந்துகளின் பொதிகளில் கியூஆர் குறியீடு இருக்கவேண்டும் என்பது 2023 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் உள்ளது. பெயர், தயாரிப்பாளர், தொகுதி, காலாவதி, உரிம எண் ஆகியவை அதனுள் அடங்கும். கைபேசியால் படித்துப் பார்க்கலாம். வீட்டுப் பிள்ளைகள் இதை நொடியில் செய்துவிடுவார்கள்.

கேப்சூலின் மேலுள்ள எழுத்து வயிற்றுக்குள் போனால் தீங்கில்லையா என்று கேட்போர் உண்டு. நல்ல கேள்வி. அம்மை வேறு, ஷெல்லாக் எனப்படும் அரக்கும், அனுமதிக்கப்பட்ட இரும்பு ஆக்சைடு போன்ற நிறமிகளும் சேர்ந்தது, உண்பதற்கென்றே செய்யப்படுவது. இப்போது மருந்தையே மைத்துளி முறையில் உருவாக்கவும் தொடங்கிவிட்டார்கள். வலிப்புக்கான லெவிடிரசெட்டம் மருந்தைத் துகள் அடுக்குகளின்மேல் திரவத் துளிகளைத் தெளித்துப் பிணைத்துச் செய்யும் மாத்திரைக்கு 2015-இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. ஒரு மிடறு நீரில் கரைந்துவிடும் அது, விழுங்க இயலாதவர்களுக்கு உதவுவது.

உண்பதற்கல்லாத மை செய்தித்தாளின் மை. கனிம எண்ணெயும் பல வேதிப்பொருள்களும் கொண்ட அது, சூடும் கொழுப்பும் பட்டால் உணவுக்குள் இறங்கும். செய்தித்தாளில் உணவைப் பொதிவதை 2018-ஆம் ஆண்டின் உணவுப் பொதிவு விதிகள் தடைசெய்கின்றன. மாலை நேரத்து வடையை அதில் அழுத்தி எண்ணெய் ஒற்றும் வழக்கம் எண்ணெயைக் குறைப்பதைவிட மையைக் கூட்டுகிறது. நம்மூர்ப் பால்கோவாவைப் பற்றித் தனியே சொல்லவேண்டியதில்லை. அது பாதிக்குமேல் நெய்யும் சர்க்கரையுமாக இருப்பதால், எங்கள் நீரிழிவு நோயாளிகளுக்கு மை அதில் இரண்டாவது கவலைதான்.

மீண்டும் ஈ.சி.ஜி.க்கு வருகிறோம். இப்பகுதியில் எடுக்கப்படும் பெரும்பாலான ஈ.சி.ஜி. தாள்களில் இன்று மை என்பதே இல்லை. தாளின் மேற்பூச்சிலேயே நிறமற்ற சாயமும் அதைக் கருமையாக்கும் ஒரு பொருளும் அருகருகே உறங்குகின்றன. சூடான முனை பட்ட இடத்தில் இரண்டும் உருகிச் சேர்ந்து கோடாகின்றன. பேருந்துச் சீட்டும் கடை ரசீதும் இதே வகை. மை தீராது, கருவி சிறியது என்பவை நன்மைகள். தீமை, அச்சேர்க்கை பிரியக்கூடியது என்பதே. வெயில், வெப்பம், எண்ணெய், சானிடைசர் ஆகியவற்றோடு, நீங்கள் பாதுகாப்பு என்று கருதிப் போட்டுவைக்கும் வழவழப்பான பிளாஸ்டிக் உறையும் கோடுகளை மங்கச்செய்யும். உறையை மென்மையாக்கச் சேர்த்த பொருள் கசிந்து பூச்சைக் கரைக்கிறது. லேமினேஷன் செய்வது அதனினும் கேடு. அந்தச் சூட்டில் தாள் முழுவதும் கறுத்துவிடும், எதையும் படிக்கவியலாது.

பழைய ஈ.சி.ஜி. ஏன் இத்துணை முக்கியம் என்று நீங்கள் எண்ணக்கூடும். நெஞ்சுவலியுடன் ஒருவர் நள்ளிரவில் வருகிறார். இதயத்தின் இடப்புற மின்கிளையில் தடை இருப்பதை ஈ.சி.ஜி. காட்டுகிறது. அத்தடை இன்று தோன்றியதாயின், மாரடைப்பாக இருக்கக்கூடும்; விரைந்து முடிவெடுக்கவேண்டும். ஐந்தாண்டுகளாக இருப்பதாயின், நிலைமை வேறாக இருக்கலாம். முன்பு மாரடைப்பு வந்து ஆறியவர்களுக்கும் சில மாறுதல்கள் வாழ்நாள் முழுதும் நிலைத்திருக்கும். அவை புதியவைபோலவே தோன்றும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி உயிர்காப்பது, ஆனால் சிலருக்கு மூளையில் குருதிக்கசிவை உண்டாக்கும் ஆபத்தும் உடையது. பழையதையும் புதியதையும் ஒப்பிட முடிந்தால் முடிவு தெளிவாகிறது. உடனிருப்போர் நீட்டும் உறைக்குள் வெறும் இளஞ்சிவப்புக் கட்டங்கள் மட்டும் எஞ்சியிருந்தால் அவ்வாய்ப்பு போய்விடுகிறது.

எனவே, ஈ.சி.ஜி. எடுத்த அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். ஜெராக்ஸில் கரித்துகள் கலந்த பொடி உருகித் தாளோடு ஒட்டிவிடுகிறது, அது மங்காது. நகலின்மேல் பெயரையும் நாளையும் பந்துமுனைப் பேனாவால் எழுதுங்கள். கைபேசியிலும் ஒரு படம் இருக்கட்டும். அதை வீட்டிலுள்ள இருவரது கைபேசியில் வைப்பது நல்லது. மூலத்தை மடிக்காமல் காகித உறையில், இருட்டான, சூடில்லாத இடத்தில் வையுங்கள். பூசையறை விளக்கருகிலும் வண்டியின் பெட்டியிலும் வேண்டாம்.

இறுதியாக, மையோடு நாள்தோறும் வாழ்வோரைப் பற்றி. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஒட்டும் படங்களில் தொடங்கிய சிவகாசியின் அச்சுத்தொழில் இன்று நாட்காட்டி, நோட்டுப்புத்தகம், மருந்துப்பெட்டி என்று விரிந்துள்ளது. இத்தொழிலாளர் குடும்பங்கள் பல எங்களிடம் வருகின்றன. மையைவிட, மையைத் துடைக்கும் கரைப்பானே பெரிதும் கவனிக்கத்தக்கது. ஜப்பானின் ஒசாகாவில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் பத்துக்கும் மேற்பட்டோருக்கு, அவர்களுள் பலர் இளவயதினர், அரிதான பித்தநாளப் புற்றுநோய் வந்தது 2012-இல் வெளிப்பட்டது. எந்திரத்தின் ரப்பர் உருளையைத் துடைக்கப் பயன்பட்ட 1,2-டைகுளோரோபுரோப்பேன் என்னும் கரைப்பானை, பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2014-இல் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று வகைப்படுத்தியது. காற்றோட்டமற்ற அறையில் அவர்கள் பணியாற்றினர். நம் அச்சகங்களில் கேன்மேல் எழுதியிருப்பதைக் கைபேசியில் படமெடுத்து வாருங்கள். பெயர் தெரிந்தால்தான் நாங்கள் ஏதும் கூறமுடியும். கையில் ஒட்டிய மையைத் தின்னராலோ மண்ணெண்ணெயாலோ கழுவவேண்டாம். சமையல் எண்ணெய் தடவித் துடைத்தபின் சோப்பிட்டுக் கழுவினால் போதும்.

கரைப்பானே இல்லாத புதியவகை மை புறஊதா ஒளியால் இறுகுவது. பல் மருத்துவர் அடைப்பை வைத்து நீலவொளி காட்டி இறுகச்செய்வாரே, அதே அக்ரிலேட் குடும்பம். இறுகியபின் பெரும்பாலும் தீங்கற்றது. இறுகுமுன் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை உண்டாகும். விரல்நுனி வெடிப்பு, புறங்கையில் அரிப்பு, கண்ணிமை வீக்கம் ஆகியவையே தொடக்கக் குறிகள். மெல்லிய ரப்பர் கையுறையை அக்ரிலேட் ஊடுருவிவிடும். நைட்ரைல் கையுறை ஏற்றது, அதையும் மை பட்டவுடன் மாற்றவேண்டும். ஒருமுறை வந்த இவ்வொவ்வாமை வாழ்நாள் முழுதும் நீடிக்கக்கூடும். அத்தகையவர்கள் பல் அடைக்கச் செல்லும்போதும், மூட்டு மாற்று அறுவைக்குச் சேரும்போதும், சர்க்கரையை அளக்கத் தோலில் ஒட்டும் கருவியைப் பொருத்தும்போதும், தாம் அச்சகத்தில் பணியாற்றுவதையும் கையில் வந்த புண்ணையும் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடவேண்டும்.