கத்தி மேற்பூச்சு நீக்கம்

கத்தி மேற்பூச்சு நீக்கம் என்பது மடங்காத அலகு கொண்ட கத்தி, அரிவாள், அரிவாள்மனை போன்றவற்றின் மேலுள்ள காப்புப் பூச்சை அகற்றும் செயலாகும். பூச்சு உரிந்து உணவில் கலத்தல், வெட்டும்போது பொருள் ஒட்டிக்கொள்ளுதல், பூச்சுக்கடியில் துரு பரவுதல் ஆகியவை இதற்கான பொதுவான காரணங்கள். பூச்சை நீக்கினால் துருத்தடுப்பும் சேர்ந்து போய்விடும். ஆகையால் கடலூர் போன்ற கடலோர ஊர்களில் நீக்கிய பின் செய்யும் பராமரிப்பும் நீக்கும் முறைக்கு இணையாக முக்கியமானது.

பூச்சு வகைகள்

காப்பு எண்ணெய் அல்லது மெழுகு: புதிய கத்திகளில் விற்பனை வரை துருப்பிடிக்காமல் இருக்கத் தடவப்படுவது. பயன்படுத்தும் முன் இதை நீக்கவேண்டும்.

வண்ணம், வார்னிஷ், பவுடர் கோட்டிங்: எஃகின் மேல் தனிப் படலமாக அமைபவை. காலப்போக்கில் செதில்களாக உரியக்கூடும்.

கருப்பு ஆக்சைடு, பாஸ்பேட்டு: எஃகின் மேற்பரப்பே வேதிமாற்றம் அடைந்து உருவாகும் மெல்லிய அடுக்குகள். இவை தாமாகத் தரும் காப்பு குறைவு. எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்வதே இவற்றின் முதன்மைப் பயன்.

டைட்டானியம் நைட்ரைடு போன்ற கடினப் பூச்சுகள்: வெற்றிட அறையில் படியவைக்கப்படுபவை. வீட்டில் இவற்றை நீக்குவது கடினம். உரியாத நிலையில் நீக்கத் தேவையும் இல்லை.

எந்தப் பூச்சாக இருந்தாலும், சாணை பிடித்தவுடன் வெட்டும் விளிம்பில் அது தேய்ந்துவிடும். எனவே பூச்சுள்ள கத்தியிலும் விளிம்பு வெற்று எஃகாகவே இருக்கும்.

நீக்கும் முறைகள்

எண்ணெய், மெழுகு ஆகியவற்றை வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவலாம். வார்னிஷ் தின்னரில் அல்லது அசிட்டோனில் கரையும். வண்ணத்தை உப்புத்தாளால் தேய்க்கலாம். தாளை நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது. வீட்டு, அலங்கார வண்ணங்களில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக்கூடாது என்னும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே பழைய வண்ணத்தை உலர்வாகத் தேய்த்து அதன் தூசியைச் சுவாசிப்பது தீங்கானது.

கருப்பு ஆக்சைடு, வினிகர் போன்ற மென் அமிலத்தில் கரையும். கத்தியை நெடுநேரம் ஊறவிட்டால் அமிலம் எஃகையும் அரிக்கும். அமிலத்துடன் பிளீச்சிங் பவுடரைச் சேர்த்தால் நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வாயு வெளிப்படும்.

தவிர்க்கவேண்டியவை

பூச்சைத் தீயில் எரித்து நீக்கக்கூடாது. கத்தி எஃகு பொதுவாக ஏறத்தாழ 150 முதல் 250 பாகை செல்சியசு வெப்பத்தில் பதப்படுத்தப்படுகிறது. அதைவிடக் கூடுதலாகச் சூடேறினால் பதம் இறங்கி விளிம்பு மழுங்கும். அலகு நீலநிறம் அடைவது ஏறத்தாழ 300 பாகையை எட்டியதன் அடையாளம். இழந்த பதத்தைச் சாணையால் மீட்கமுடியாது, மீண்டும் கொல்லுப்பட்டறைக்கே கொண்டுசெல்லவேண்டும். ஒட்டாத வகைப் பூச்சுகள் மிகைச்சூட்டில் நச்சுப் புகையையும் வெளியிடும்.

மெத்திலீன் குளோரைடு கலந்த வண்ண நீக்கிகளின் ஆவி மூடிய அறையில் உயிரைப் பறிக்கக்கூடியது. நுகர்வோருக்கு இவற்றை விற்பதை அமெரிக்கா 2019இல் தடைசெய்தது.

கடலூரிலும் சிதம்பரத்திலும்

வெற்று எஃகு எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கும் என்பதைக் காற்றிலுள்ள உப்பும் ஈரமும் தீர்மானிக்கின்றன. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டை எட்டும்போது சோடியம் குளோரைடு ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். இதனால் மழை படாத கத்தியின் மேலும் உப்புநீர்ப் படலம் உருவாகிறது.

கடலூர் முதுநகரின் துறைமுகப் பகுதியில் மீன் வெட்டும் கத்திகளுக்கு இந்த இடர் மிகுதி. கடலிலிருந்து உள்ளே செல்லச் செல்லக் காற்றிலுள்ள உப்பு விரைவாகக் குறையும். ஆகவே உள்நாட்டில் அமைந்த சிதம்பரத்தில் உப்பின் தாக்கம் குறைவு. ஆயினும் வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை அங்கும் ஈரம் மிகுதியாக இருப்பதால், வயல்வேலைக்கான அரிவாள்கள் துருப்பிடிக்கும்.

நீக்கிய பின் பராமரிப்பு

பூச்சு நீக்கிய அலகை உடனே நல்ல தண்ணீரில் கழுவி, உலர்ந்த துணியால் துடைத்து, எண்ணெய் தடவவேண்டும். அமிலம் பயன்படுத்தியிருந்தால் முதலில் சமையல் சோடாக் கரைசலில் கழுவுவது நல்லது. சமையல் கத்திக்குத் தேங்காய் எண்ணெய் போதும். மீன் வெட்டிய கத்தியை உப்புநீருடன் அப்படியே வைக்காமல், ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்து எண்ணெயிடவேண்டும். தோல் உறை ஈரத்தைப் பிடித்துவைப்பதால், கத்தியை அதனுள் நெடுநாள் வைப்பது துருவை வளர்க்கும். இவ்வளவு கவனம் செலுத்த இயலாதவர்கள், உரியாத பூச்சை நீக்காமல் விடுவதே பொருத்தமானது.