விலக்கு யாருக்காக? பிரிட்டனின் திறந்த அணுக்க விதிகள்

மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் ஆய்வின் முடிவுகளை, ஆய்விதழ்களுக்குப் பெருஞ்சந்தா கட்டும் வசதி படைத்த பல்கலைக்கழகத்தார் மட்டுமன்றி, சிற்றூர் மருத்துவரும் பள்ளி ஆசிரியரும் நோயாளியின் உறவினரும் கட்டணமின்றி இணையத்தில் படிக்க இயல வேண்டும் என்பதே ‘திறந்த அணுக்கம்’ எனப்படும் கொள்கையின் சாரம். இதைக் கட்டாய விதியாக்கி, மீறினால் இழப்பு நேரும் என்று அறிவித்த நாடுகளில் பிரிட்டன் முன்வரிசையில் நிற்கிறது. அவ்விதியின் வலிமையை அறிய விரும்புவோர், அது எங்கெங்கே, யாருடைய பொருட்டு விலகி நிற்கிறது என்பதை ஊன்றிப் பார்க்க வேண்டும்.

பிரிட்டனின் பல்கலைக்கழகங்களில் நடக்கும் ஆய்வின் தரத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அளந்து, ஆண்டுதோறும் ஏறத்தாழ 200 கோடி பவுண்டு பொதுநிதியைப் பகிர்ந்தளிக்க உதவும் ஏற்பாடு ‘ஆய்வுச் சிறப்புக் கட்டமைப்பு’ எனப்படுகிறது. 2016 ஏப்ரல் 1 முதல் ஏற்கப்பட்ட ஆய்விதழ்க் கட்டுரை எதுவும் இம்மதிப்பீட்டில் இடம்பெற வேண்டுமானால், சக அறிஞர்களின் மதிப்பாய்வு முடிந்து இறுதி வடிவம் பெற்ற கைப்படி பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு அளிக்கப்பட்ட காலம் மூன்று மாதங்கள். சேர்த்த கைப்படியை உடனே திறந்துவிட வேண்டியதில்லை. பதிப்பகத்தின் சந்தா வருவாயைக் காக்கும் பொருட்டு, அறிவியல், மருத்துவத் துறைகளுக்குப் 12 மாதமும், சமூக அறிவியல், மானுடப் புலங்கள், கலைத் துறைகளுக்கு 24 மாதமும் அதை மூடி வைத்திருக்க 2021 மதிப்பீட்டின் விதிகள் இடமளித்தன. இந்தத் தடைக்காலம் 2026 ஜனவரி முதல் வெளியாகும் கட்டுரைகளுக்குப் பாதியாகக் குறைக்கப்பட்டுள்ளது.

விலக்குகளில் பெரும்பாலானவை எவரும் மறுக்க முடியாதவை. கட்டுரையை அனுப்பிய காலத்தில் ஆசிரியர் பிரிட்டனின் பல்கலைக்கழகத்தில் பணியாற்றாதிருக்கலாம். களஞ்சியத்தின் மென்பொருள் பழுதுபட்டிருக்கலாம். குடும்பத்தில் நேர்ந்த இறப்பு அல்லது பணியிட வேலைநிறுத்தம் காரணமாகக் காலக்கெடு தவறியிருக்கலாம். வெளியிட்டால் பாதுகாப்புக்குக் கேடு விளையும் என்ற நிலை இருக்கலாம். இவற்றுள் எதுவும் பொருந்தாமல் விதியை மீறிய கட்டுரைகள்கூட, ஒரு துறை அளிக்கும் தொகுப்பில் 5 விழுக்காடு வரை பொறுத்துக்கொள்ளப்படும் என்று ஓர் எல்லை வகுக்கப்பட்டிருப்பது, நிர்வாகப் பிழைக்காக நல்ல ஆய்வு தள்ளப்படக் கூடாது என்ற நியாயமான கவலையிலிருந்து எழுந்ததே.

சிக்கல் மிகுந்தது பிறர் உரிமை பற்றிய விலக்கு. ஓவிய வரலாற்றாய்வாளர் ஒருவர் தமது கட்டுரையில் இருபது ஓவியங்களை அச்சிடுகிறார் என்றால், அவற்றின் படங்களுக்கு உரிமை கொண்ட அருங்காட்சியகமோ கலைஞரின் வாரிசோ பெரும்பாலும் இத்தனை படிகள், இத்தனை ஆண்டுகள் என்று வரையறுத்தே அனுமதி தருவர். இணையத்தில் எவரும் எக்காலத்திலும் இறக்கிக்கொள்ளக்கூடிய கட்டுரைக்கு அவ்வரையறை எதுவும் பொருந்தாது. படங்களை மட்டும் நீக்கிவிட்டு எழுத்தைத் திறந்து வைக்கலாமே என்று கேட்போர் உண்டு. வண்ணத்தையும் தூரிகை வீச்சையும் சுட்டிக் காட்டி வளரும் வாதம் படமின்றிப் பாதி உயிரிழந்துவிடும் என்பதால், இவ்விடத்தில் விதி விலகுவது சரியே. அண்மைக்காலக் கவிதையை ஆராய்வோரும் இசைக்குறிப்புகளை மேற்கோளாக எடுத்தாள்வோரும் இதே இடரில் இருப்பவர்கள்.

இதற்கு முற்றிலும் வேறான தன்மையுடையது பதிப்பகத்தின் மறுப்பை அடிப்படையாகக் கொண்ட விலக்கு. ஆய்வுக்கு மிகப் பொருத்தமான ஆய்விதழ் களஞ்சியச் சேமிப்பை அனுமதிக்கவில்லையென்றாலோ, விதியில் கூறியதைவிட நீண்ட தடைக்காலத்தைக் கோரினாலோ, 2021 மதிப்பீட்டில் அக்கட்டுரை விலக்குப் பெற்றது. ஆசிரியரின் சுதந்திரத்தைக் காக்கவே இவ்வாறு விதித்தனர் என்றாலும், விளைவைப் பார்க்கையில், திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் சாவி பதிப்பகத்தின் கையிலேயே தங்கிவிட்டது.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், கலை, அறிவியல் புலத்தின் பேராசிரியர்கள் 2008 பிப்ரவரியில் நிறைவேற்றிய தீர்மானம் இதே சிக்கலை வேறு வழியில் அவிழ்த்தது. எழுதப்படும் ஒவ்வொரு கட்டுரைக்கும், பதிப்பகத்துடன் ஒப்பந்தம் எழுதும் முன்பே, பல்கலைக்கழகத்துக்கு ஒரு வெளியீட்டு உரிமத்தை ஆசிரியர் அளித்துவிடுகிறார். வேண்டாமென்றால் அந்தக் கட்டுரைக்கு மட்டும் எழுத்து மூலம் விலக்குக் கேட்டுப் பெறலாம். கேட்க வேண்டியவர் ஆசிரியர் என்பதாலும், எதுவும் செய்யாதிருந்தால் கட்டுரை திறந்தே இருக்கும் என்பதாலும், இங்கே விலக்கு வழக்கமாகிவிடாமல் விலக்காகவே நிற்கிறது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 2022 ஜனவரியில் இத்தகைய உரிமைக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனின் ஆய்வு நிதி அமைப்பான யூ.கே.ஆர்.ஐ. அதே ஆண்டு ஏப்ரல் முதல், தன் நிதியில் எழுதப்படும் கட்டுரைகளுக்குத் தடைக்காலமே கூடாது என்று விதித்தது. மூலத்தைக் குறிப்பிட்டு எவரும் பயன்படுத்தலாம் என்னும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தையும் கட்டாயமாக்கி, எழுத்தை மாற்றலாகாது என்னும் கடுமையான உரிமத்தைத் தக்க காரணம் காட்டுவோருக்கு மட்டும் தனித்தனியே அனுமதித்தது.

நூல்களின் நிலை வேறு. பல ஆண்டு உழைப்பில் உருவாகும் ஆய்வு நூலைத் திறந்த வடிவில் வெளியிடப் பதிப்பகங்கள் கேட்கும் கட்டணம் பல ஆயிரம் பவுண்டு. கட்டுரையைப் போலக் கைப்படியைக் களஞ்சியத்தில் இட்டு ஈடுசெய்யும் வழக்கமும் நூலுலகில் வேரூன்றவில்லை. எனவே 2024 ஜனவரி முதல் வெளியாகும் ஆய்வு நூல்களை 12 மாதங்களுக்குள் திறக்க வேண்டும் என்று பணித்த யூ.கே.ஆர்.ஐ., பொதுவாசகர்களுக்கான விற்பனை நூல், பாடநூல், கண்காட்சி விவரநூல், புனைவு ஆகியவற்றை எல்லைக்கு வெளியே நிறுத்தி, பொருத்தமான பதிப்பகம் திறந்த வெளியீட்டுக்கு வழி செய்யாத நிலையிலும் விலக்கு அளித்து, கட்டணத்துக்குத் தனி நிதியையும் ஒதுக்கியது.

அந்நிதி யூ.கே.ஆர்.ஐ. மானியம் பெற்றோருக்கே உரியது. வரலாறு, இலக்கியம், மெய்யியல் துறைகளில் எழுதப்படும் நூல்களில் பெரும்பகுதி, மானியம் எதுவுமின்றி, கற்பித்தலுக்கிடையே ஆசிரியர் மிச்சம்பிடித்த நேரத்தில் எழுதப்படுபவை. அவற்றின் கட்டணத்தை யார் ஏற்பது என்ற கேள்விக்கு விடையின்றி, ஆய்வுச் சிறப்புக் கட்டமைப்பு 2029 மதிப்பீட்டிலேயே நூல்களையும் விதிக்குள் கொண்டுவர முன்மொழிந்தபோது இத்துறைகளின் அறிஞர்கள் கடுமையாக எதிர்த்தனர். அதன் பின்னர் 2024இல் அம்முன்மொழிவு கைவிடப்பட்டு, அடுத்த மதிப்பீட்டுக்காக 2029 ஜனவரி 1 முதல் வெளியாகும் நூல்களுக்கே விதி பொருந்தும் என்று மாற்றப்பட்டது. அந்நாள் வருமுன் மானியமற்ற நூல்களுக்கும் நிதி வழி காணப்படாவிட்டால், வசதி குறைந்த பல்கலைக்கழகத்தின் வரலாற்றாசிரியர் தம் நூலுக்குப் பதிப்பகம் தேடுவதற்கு முன் விலக்குக்கான காரணத்தைத் தேட வேண்டியிருக்கும்.