இறங்க ஃப்ரீ டாக்ஸி வேணாம்... ஏற பஸ் கொடுங்க!

நாமக்கல் மாவட்டம், காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலை ஏற 70 கொண்டை ஊசி வளைவு. பைக் வெச்சிருக்கிற காலேஜ் பசங்களுக்கு அது ஒரு த்ரில்! சிக்கல் ஏறும்போது இல்லை. சரக்கு உள்ளே போன பிறகு இறங்கும்போதுதான்.

சின்ன கணக்கு. மணிக்கு 30 கி.மீ. வேகத்துல வண்டி விநாடிக்கு 8 மீட்டருக்கு மேல ஓடும். போதையில பிரேக் பிடிக்க அரை விநாடி லேட்டானா 4 மீட்டர் போச்சு. வளைவுல அந்த 4 மீட்டருக்குள்ள எதிரே பஸ் ஏறி வந்துட்டிருக்கலாம்.

'அரசாங்கமே வண்டி விடட்டுமே' என்கிறீர்களா? இத்தாலி விட்டுப் பார்த்துச்சு. 2023 ஆகஸ்ட், செப்டம்பர்ல ஆறு நைட் கிளப் வாசல்ல ஊதச் சொல்லி, அளவைத் தாண்டினவங்களை இலவச டாக்ஸியில வீட்டுக்கு அனுப்பினாங்க.

ஊருக்குள்ள அது சரி. கொல்லிமலை மேல செம்மேட்டுல ஃப்ரீ டாக்ஸி நின்னாலும், பைக்கை விட்டுட்டு எவன் ஏறுவான்? மறுநாள் அதை எடுக்க மறுபடி 70 வளைவு ஏறணுமே! 10,000 ரூபாய் அபராதம்னு தெரிஞ்சும் (தமிழ்நாட்டுல 2022 அக்டோபர்லேர்ந்து ரேட் அதுதான்) 'நான் ஸ்டெடிடா மச்சான்'னு சாவியைத் திருகுறவன் அவன்.

அதனால மானியத்தை அடிவாரத்துல செலவு பண்ணணும். காரவள்ளியில நம்பி வண்டி விடற மாதிரி ஒரு பைக் ஸ்டாண்ட், சனி, ஞாயிறுல அடிக்கடி மினி பஸ், மாணவர்களுக்குப் பாதி டிக்கெட். காலையில தெளிவா இருக்கும்போதே வண்டியை விட்டுட்டா, சாயங்காலம் ஓட்ட வண்டியே இருக்காது.

'குடிக்கிறவனுக்கு எதுக்கு வரிப்பணம்?'னு சண்டைக்கு வராதீங்க. ஆகாய கங்கை அருவிக்குப் போற குடும்பங்களும் அதே பஸ்லதான் ஏறும்!